ஆளில்லாத வெளி

விண்வெளி நாள் வருகிற வாரத்தில் சரிபுலாக் கிராமத்தில் காற்று ஒருநாளும் ஒழுங்காக அடித்தது கிடையாது. பனி பாதி உருகியும் பாதி உருகாமலும் தெருவெல்லாம் சேறாகக் கிடக்கும். பள்ளிக்கூடத்துப் புகைபோக்கியில் காற்று திரும்பி அடித்து, போன புகையை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து தள்ளும். அன்றைக்கும் குல்பர்ஷின் அடுப்பு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய நிலக்கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கண்ணீருக்குப் புகை ஒரு நல்ல சாக்காக இருந்தது.

அடுப்பு மூட்டுவது, தரை துடைப்பது, விருந்தாளி வந்தால் தேநீர் போடுவது, இவ்வளவும் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் வேலை. விருந்தாளி வருவது வருஷத்துக்கு ஒருமுறை, விண்வெளி நாளுக்குத்தான். மாவட்ட ஆபத்துதவி அலுவலகத்திலிருந்து ஜுமாபெக் வருவார். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார், ராக்கெட்டின் பெருமையைப் பேசுவார், பவுர்சாக் தின்று தேநீர் குடித்துவிட்டுப் போவார். எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டைகளை இந்தத் தடவை விடிவதற்கு முன்பே எழுந்து அவள் சுட்டு வைத்திருந்தாள். அதில் ஒன்றைக்கூட அவள் வாயில் போடவில்லை.

ஏனென்றால் அன்றைக்கு ஏவுதளத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்புகிற நாள். அவள் புருஷன் சபர்கலியும் அவன் தம்பி மெய்ரமும் அது விழுகிற புல்வெளியில் போய்ப் படுத்துக் கிடந்தார்கள்.

மேலே போகிறது முழுசாகப் போவதில்லை. எரிந்து தீர்ந்த அடிப்பாகம் கழன்று, சரிபுலாக்குக்கு வடக்கே ஆளில்லாத புல்வெளியில் வந்து விழும். ஆளில்லாத என்பது அலுவலகம் சொல்லுகிற கணக்கு. அங்கே போக அரசாங்கத் தடை உண்டு, ஆனால் அந்த உலோகத்துக்கு நல்ல கிராக்கி. அதற்கென்று ஊரில் ஒரு முறையும் உண்டாகிவிட்டது. வழிதவறி வந்த குதிரையைப் பார்த்தால், யார் தன் இடுப்புவாரை அவிழ்த்து முதலில் அதன் கழுத்தில் கட்டுகிறானோ அவனுக்குத்தான் அந்தக் குதிரை என்பது பழைய வழக்கம். வானத்திலிருந்து விழுந்ததையும் ஆட்கள் குதிரை மாதிரியே நினைத்துக்கொண்டார்கள். முதலில் வார் கட்டியவனுக்கே உருப்படி. அடுத்தவன் வாரை அவிழ்த்தவனோடு ஊரில் எவனும் பேச மாட்டான். நல்ல முறைதான், குதிரைக்கு. குதிரை புகைந்துகொண்டு கிடக்காது, அதன் வயிற்றில் மிச்ச எரிபொருளும் இருக்காது. விழுந்தது ஆறட்டும், நச்சுக்காற்று போகட்டும் என்று காத்திருந்தால் பக்கத்து ஊர்க்காரன் வார் கட்டிவிடுவான். அதனால் விழுவதற்கு முன்பே போய்க் காத்துக் கிடந்து, விழுந்த சூட்டோடு ஓடிப்போய்க் கட்ட வேண்டியதாயிற்று.

முந்தின நாள் சாயங்காலம் அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"நாளைக்கு மட்டும் வேண்டாமே. ஜுமாபெக் ஐயா ஊருக்குள்ள வாராரு. போன தடவை பிடிச்சப்ப என்ன சொன்னாரு? இன்னொரு வாட்டி ஒன்ன அங்க பாத்தேன், நேரா ஜெயிலுதான்னு சொன்னாரா இல்லியா?"

சபர்கலி மோட்டார் சைக்கிளின் பக்கவண்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சிரித்தான்.

"அதனாலதாம்ட்டி நாளைக்குப் போறேன். அவரு ஒன் கையால தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு, ஒம் மக பேசுறதுக்குக் கை தட்டிக்கிட்டு இருப்பாரு. பாதையில என்னன்னு கேக்க ஒரு பய இருக்க மாட்டான்."

"தலையில விழுந்தா?"

"நாங்க என்ன கூறுகெட்டவங்களா, நடுக்காட்டுல நிக்க? பழைய ஆட்டுப்பட்டியில இருப்போம். கல்லுச்சுவரு. விழுற எடத்துக்கும் அதுக்கும் ரொம்ப தூரம்."

"காத்து நம்ம சொன்ன பக்கமா அடிக்கும்?"

"நீ ஒருத்தி போதும், சாவ வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுறதுக்கு" என்று மெய்ரம் பக்கவண்டிக்குள் கம்பளத்தை எறிந்துகொண்டே சொன்னான். "ஆம்பளங்க கிளம்பயில இப்படியா மதினி மூக்கச் சிந்துவாங்க?"

"நீ பேசாதலே. ஒனக்குப் பொண்டாட்டி வந்து அவ மூக்கச் சிந்துனாத்தான் தெரியும்."

உள்ளே மகள் தோக்ஜான் கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு. விண்வெளி ஆராய்ச்சியால் பயன் உண்டா இல்லையா என்று பட்டிமன்றம். சீட்டு எடுத்ததில் அவளுக்கு 'உண்டு' வந்திருந்தது. சபர்கலி கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று கேட்டான்.

"என்னட்டி மென்னு முழுங்குற? ராக்கெட்டு இல்லன்னா எங்கப்பன் எதத் திம்பான்னு ஒரே போடாப் போடு. கூடம் முழுக்கக் கை தட்டும்."

"அப்படிச் சொன்னா டீச்சர் மார்க்க கொறச்சிருவாங்கப்பா."

"அப்ப வேண்டாம். அப்பன் எங்க போயிருக்கான்னு கேட்டா?"

"குதிரையத் தேடிப் போயிருக்காருன்னு சொல்லுவேன்."

"அதான் எம் மக" என்று அவள் பின்னலை இழுத்துவிட்டுப் போனான். இருட்டும் நேரத்தில் வண்டி கிளம்பியது. சத்தம் கேட்காமல் போகிற வரைக்கும் குல்பர்ஷின் கொட்டில் பக்கமே நின்றாள்.

காலையில் ஜுமாபெக்கின் வேன் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது. ஆள் நல்ல உயரம், நல்ல மனுஷன், அதுதான் சங்கடம். வந்ததும் வராததுமாக அடுப்பில் கையைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டு நின்றார்.

"என்னம்மா, சபர்கலி எப்படி இருக்கான்? இப்பவாவது திருந்துனானா?"

"திருந்திட்டாருங்கய்யா." கிளறிய கரியையே மறுபடியும் கிளறினாள். "குதிரை ஒண்ணு ஓடிருச்சு. தேடிப் போயிருக்காரு."

"நல்லது. நேத்து மத்தியானம் நாங்களே அந்தக் காடு பூராச் சுத்திப் பாத்துட்டோம். ஒருத்தன் இல்ல. இந்த ஊருக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு."

அவள் கிண்ணத்தில் தேநீரை ஊற்றி நீட்டினாள். தேநீர் தளும்பித் தட்டில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. கவனித்தது ரௌஷான் டீச்சர்தான். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் கழற்றித் துடைத்தாள்.

பட்டிமன்றம் ஆரம்பித்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு இரண்டு மேசை போட்டிருந்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தன. 'இல்லை' கட்சிக்கு எர்சாயின். பால் வண்டிக்காரர் மகன், வாய் கொஞ்சம் நீளம்.

"செவ்வாய்க் கிரகத்துல தண்ணி இருக்கான்னு தேடுறாங்களாம். எங்க வீட்டுக் கெணத்துல வாளியப் போட்டா கசப்புத் தண்ணிதான் வருது. வாரத்துக்கு ஒருக்கா லாரி வந்தாத்தான் எங்களுக்குக் குடிக்கத் தண்ணி. அவ்வளவு தூரம் போய்த் தேடுறவங்க, போற வழியில எங்க கெணத்தக் கொஞ்சம் எட்டிப் பாத்துட்டுப் போகட்டும்."

கூடம் சிரித்தது. ஜுமாபெக்கும் சிரித்தார். தோக்ஜான் எழுந்தாள்.

"போன மாசம் பனிப்புயல் வரும்னு எல்லார் போனுக்கும் செய்தி வந்துச்சுல்ல? அதப் பாத்துட்டுத்தான ஒங்கண்ணன் ஆட்ட உள்ள அடைச்சாரு? அந்தச் செய்தி எங்க இருந்து வந்துச்சு? மேல சுத்துதே, செயற்கைக்கோள், அது பாத்துச் சொன்னது. இல்ல, ஒங்க ஆடே போன் பண்ணிச் சொல்லிச்சா?"

"எங்க ஆடு முந்தின நாளே சொல்லிருச்சு. எல்லாம் சுவரோரமா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. எங்கண்ணனுக்குத்தான் மண்டையில ஏறல."

மறுபடியும் சிரிப்பு. பிள்ளைகள் தரையைத் தட்டின. ஒரு நிமிஷம் குல்பர்ஷினுக்கும் முகம் மலர்ந்தது. நம் பிள்ளையா இப்படிப் பேசுகிறது என்று இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

ஒன்றல்ல, இரண்டு. எப்போதும் இரண்டுதான், அடுத்தடுத்து, யாரோ கதவை உதைத்துவிட்டு மறுபடியும் உதைப்பதுபோல. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. அடுப்பிலிருந்து சாம்பல் குபீரென்று பறந்தது. சின்னப் பிள்ளைகள் "விழுந்துருச்சு! விழுந்துருச்சு!" என்று கை தட்டின. அவர்களுக்கு அது இடி மாதிரி, மழை மாதிரி. ஆனால் இந்தத் தடவை சத்தம் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் கேட்டதைப் பெரியவர்கள் மூன்று பேரும் உணர்ந்தார்கள். கீழே கொட்டிய சாம்பலை அள்ளக் குனிந்த குல்பர்ஷின் அப்படியே தரையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நீ பேசும்மா, பேசு" என்றாள் டீச்சர்.

தோக்ஜான் வாயைத் திறப்பதற்குள் ஜுமாபெக்கின் போன் அடித்தது. அவர் ஜன்னலோரம் போய்ப் பேசினார். பேசி முடித்ததும் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒண்ணும் பயமில்ல. கொஞ்சம் தள்ளி விழுந்துருச்சாம். பழைய ஆட்டுப்பட்டிப் பக்கம். சிவப்புப் புகை கிளம்பியிருக்கு, காத்து அத வடக்கப் பாத்துத் தள்ளிரும். மத்தியானம் வரைக்கும் யாரும் வெளிய போகாதீங்க, ஜன்னலச் சாத்தி வைங்க. நல்ல வேளையா அங்க ஒரு ஈ காக்கா கிடையாது."

ஈ காக்கா கிடையாது. கல்சுவர், ரொம்ப தூரம் என்று சபர்கலி சொன்னது மட்டும் குல்பர்ஷினுக்குள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. சொல்லிவிடலாமா? வாசலில் வேன் நிற்கிறது. வேனுக்குள் முகமூடி இருக்கிறது, மருந்துப் பெட்டி இருக்கிறது. சொன்னால் புருஷனைத் தன் வாயாலேயே ஜெயிலுக்கு அனுப்புகிறாள். கொழுந்தனையும் சேர்த்து. சொல்லாவிட்டால்? ஒருவேளை தப்பித்து இந்நேரம் வண்டியை எடுத்துக் கிளம்பியிருப்பார்களோ. ஒருவேளை இந்தத் தடவை அவர்கள் ஆட்டுப்பட்டிக்கே போகாமல் வேறெங்காவது போயிருப்பார்களோ. பயந்தவளுக்கு ஒருவேளைகளுக்கா பஞ்சம்.

நிமிர்ந்தபோது மகள் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. சொல்லட்டுமா அம்மா என்று அந்தக் கண் கேட்டது. குல்பர்ஷின் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் ஆட்டினாளா, தலை தானாக ஆடியதா, பின்னால் எத்தனையோ தடவை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

தோக்ஜான் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எதிர்க்கட்சியில கேப்பாங்க, மேல இருந்து விழுறது ஆபத்து இல்லியான்னு. இப்ப ஐயாவே சொன்னாரு, நீங்களும் கேட்டீங்க. விழுந்த எடத்துல யாருமே இல்ல. எங்க ஊருல எல்லாரும் சொன்ன பேச்சக் கேக்குறவங்க, அங்க யாரும் போறதில்ல. ஆளே இல்லாத எடத்துல விழுறதால யாருக்கு என்ன நஷ்டம்?"

சுத்தமான குரல். ஒரு பிசிறு இல்லை. கண் மட்டும் எங்கேயோ இருந்தது. ஜுமாபெக் "சபாஷ்" என்று கை தட்டினார். சின்னப் பிள்ளைகளும் தட்டின. எர்சாயின் தட்டவில்லை. அவன் பேச வேண்டிய முறை, ஆனால் அவன் எழுந்திருக்கவே இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கைதட்டலைக் கேட்டதும் குல்பர்ஷின் தரையிலிருந்து எழுந்தாள். அப்பன் அங்கே கிடக்கிறான், இங்கே பதிமூன்று வயதுப் பிள்ளை அங்கே யாரும் இல்லை என்று இவ்வளவு நன்றாகச் சொல்கிறது. சொல்ல வைத்தது நான்தான். விழுந்த சத்தத்துக்குப் பயந்ததைவிட அவள் இதற்குப் பயந்தாள்.

"ஆளு இருக்குய்யா" என்றாள்.

"என்னம்மா?"

"அங்க ஆளு இருக்கு. எங்க வீட்டுக்காரரு ஆட்டுப்பட்டியிலதான் இருக்காரு. அவரு தம்பியும் இருக்கான். ஜெயில்ல போடுங்க, என்ன வேணாச் செய்ங்க. மொதல்ல போய்த் தூக்கிட்டு வாங்கய்யா."

ஜுமாபெக்கின் முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது.

"நேத்துத்தான பாத்தோம்! ஒருத்தனும் இல்லியே!"

"நீங்க பாத்துட்டுப் போன பெறகுதான் போனாங்க."

"குதிரையத் தேடிப் போனான்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்ன!"

"சொன்னேன்."

"ஒனக்கெல்லாம்..." என்று அவர் ஆரம்பித்தபோது எர்சாயின் எழுந்தான். அவ்வளவு வாய் பேசுகிறவனுக்குக் குரல் கீச்சென்று வந்தது.

"எங்கண்ணனும் போயிருக்கு."

"எங்கே?"

"அதே பட்டிக்குத்தான். வீட்டுல யாருக்கும் தெரியாது. என்கிட்ட மட்டும் சொல்லிச்சு."

ஜுமாபெக் உதவிக்காக டீச்சரைப் பார்த்தார். ரௌஷான் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோபோல இருந்தது.

"எங்க வீட்டுக்காரரும்தான்யா" என்றாள் மெல்ல.

"டீச்சர், நீங்களுமா?"

"நானுந்தான். காலையில இருந்து சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். பிள்ளைகளுக்கு முன்னால எப்படிச் சொல்றதுன்னு..."

ஜுமாபெக் அதன்பிறகு யாரையும் திட்டவில்லை. தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். வேன் சேற்றில் ஒருமுறை வழுக்கி, பிடித்துக்கொண்டு, வடக்குப் பாதையில் போனது. வெளியே வராதே என்று சொன்னதை ஒருத்தரும் கேட்கவில்லை. டீச்சர், குல்பர்ஷின், பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூட வேலியோரம் போய் நின்றார்கள். விஷயம் ஊருக்குள் எப்படித்தான் பரவியதோ, கொஞ்ச நேரத்தில் எர்சாயினின் தாய் ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடி வந்து மகன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். விட்ட கையோடு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

வடக்கே வானத்தின் அடியில் துருப்பிடித்த நிறத்தில் ஒரு புகை கிடந்தது. அது வடக்கே போகிறதா, தெற்கே வருகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் விரலை நனைத்துக் காற்றில் நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். தோக்ஜான் தாயை ஒட்டி நின்றாள், ஆனால் தொடவில்லை.

"நீ வேண்டாம்னு தலைய ஆட்டுனியேம்மா."

"ஆமா, ஆட்டுனேன்."

"அதனாலதான் நான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும்ட்டி. எம்மேலதான் தப்பு."

"அப்பாவுக்கு ஏதாச்சும் ஆனா, நான் யாருமில்லன்னு சொன்னதாலயா?"

குல்பர்ஷின் அவளை இழுத்து மேல்கோட்டுக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் நெஞ்சு படபடவென்று அடிப்பது தன் வயிற்றில் தெரிந்தது.

மத்தியானம் தாண்டிய பிறகுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முன்னால் வேன், மற்ற இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு. அந்தச் சத்தத்தைப் பிடித்தபடி பின்னால் சபர்கலி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். பக்கவண்டியில் உலோகம் எதுவும் இல்லை, மெய்ரம்தான் கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு சுருண்டு கிடந்தான். ஊருக்கு வெளியே, அன்றைக்கு வந்திருந்த தண்ணீர் லாரிக்குப் பக்கத்திலேயே வேன் நின்றது. ஜுமாபெக் முகமூடியோடு இறங்கி இரண்டு கையையும் விரித்தார்.

"யாரும் கிட்ட வராதீங்க! நாலு பேரும் உசுரோட இருக்காங்க! ஆனா துணியெல்லாம் நஞ்சு, தொட்டுறாதீங்க! ஆஸ்பத்திரி வண்டி வருது!"

உயிரோடு என்ற சொல் காதில் விழுந்ததும் டீச்சர் வேலியைப் பிடித்தபடியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தோக்ஜான் ஓடப் பார்த்தாள். குல்பர்ஷின் அவள் பின்னலைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கும் கையெல்லாம் துடித்தது.

நாலு பேரும் அந்தக் குளிரில் உடுப்பையெல்லாம் கழற்றிப் போட்டார்கள். ஜுமாபெக் லாரிக் குழாயால் அவர்கள் மேல் தண்ணீர் அடித்தார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது, யாரும் சிரிக்கவில்லை. மெய்ரம் வெட வெடவென்று நடுங்கிக்கொண்டே கத்தினான்.

"எவன்யா காட்டிக் குடுத்தது?"

"நான்தாம்லே!" என்று இங்கிருந்து கத்தினாள் குல்பர்ஷின். "இன்னொரு வாட்டி போ, இன்னொரு வாட்டி காட்டிக் குடுக்குறேன்!"

மெய்ரம் வாயை மூடிக்கொண்டான். சபர்கலி, ஜுமாபெக் கொடுத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு இவர்கள் பக்கம் திரும்பி நின்றான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அவ்வளவு தூரத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடினான்.

"அப்பா! இங்க இருக்கேன்பா!"

குரல் வந்த பக்கம் பார்த்து அவன் கையைத் தூக்கினான்.

"என்னட்டி, பேசுனியா? ஜெயிச்சியா?"

வேலியோரம் நின்ற அத்தனை பேரும் தோக்ஜானைப் பார்த்தார்கள். எர்சாயின் பார்த்தான், டீச்சர் சேற்றிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜெயிச்சுட்டேம்பா!" என்றாள் அவள். சுத்தமான குரல்.

சபர்கலி சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். இந்தா நின்றுவிடும், இந்தா நின்றுவிடும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.